வீட்டில் கட்டிய விமானத்தின் இறக்கையைப் பலப்படுத்துவது எப்படி? கூடுதலாக ஒரு தகடு வைத்தால் ஏன் போதாது?

2009 ஏப்ரல். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்.டி.எஸ்.பி., விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வுக்கு ஓர் அவசரப் பரிந்துரை அனுப்பியது. ‘சோடியாக் சி.எச். 601 எக்ஸ்.எல்.’ என்ற இரண்டு இருக்கை குட்டி விமானத்தை இனி பறக்க விடாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். 2006-ல் இருந்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுமாக அந்த ரகத்தில் 6 விமானங்கள், பறந்துகொண்டிருக்கும்போதே வானத்தில் உடைந்திருந்தன. 10 பேர் உயிரிழந்திருந்தார்கள்.

இந்த விமானங்களில் பெரும்பாலானவை தொழிற்சாலையில் தயாரானவை அல்ல. பெட்டியில் வந்து இறங்கிய அலுமினியத் தகடுகளை, வார இறுதிகளில் தங்கள் வீட்டு கராஜில் வைத்து உரிமையாளர்களே ரிவெட் அடித்துக் கட்டியவை. அப்படின்னா, இறக்கையில் குறை இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதைச் சரிசெய்ய வேண்டியது யார்? அதே உரிமையாளர்தான், அதே கராஜில்தான்.

“பலம் பத்தலைன்னா கூட ஒரு தகடு வச்சு ரிவெட் அடிச்சா முடிஞ்சது” என்று தோன்றலாம். விமான இறக்கையில் அந்தக் கணக்கு பெரும்பாலும் எடுபடாது. சில நேரம் ஆளையே காவு வாங்கிவிடும். அது ஏன்?

வீட்டில் விமானம் கட்ட அனுமதி உண்டா?

அமெரிக்காவில் உண்டு. கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்குக்காகவோ ஒருவர் விமானம் கட்டலாம். அதன் வேலையில் பாதிக்கு மேல் தொழில்முறை அல்லாதவர்கள் செய்ததாக இருக்க வேண்டும். இதைத்தான் ‘51 சதவீத விதி’ என்று பேச்சுவழக்கில் சொல்கிறார்கள். இந்த விமானங்களுக்கு ‘எக்ஸ்பெரிமென்டல்’, அதாவது பரிசோதனை வகை என்ற பிரிவில் சான்றிதழ் கிடைக்கும்.

இது ஏதோ நாலு பேர் செய்யும் விபரீத வேலை அல்ல. இவர்களுக்கான சங்கமான இ.ஏ.ஏ. 1953-ல் தொடங்கப்பட்டது. விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷ் நகரில் ஒவ்வொரு கோடையிலும் அது நடத்தும் விழாவுக்கு ஆயிரக்கணக்கான விமானங்கள் வந்து இறங்குகின்றன. ‘வேன்ஸ்’ என்ற ஒரே நிறுவனத்தின் கிட்களை வைத்துக் கட்டிப் பறக்கவிட்ட விமானங்களே 10,000-க்கும் மேல்.

முக்கியமான வித்தியாசம் இதற்குப் பிறகுதான் வருகிறது. தொழிற்சாலையில் தயாரான ஒரு செஸ்னா விமானத்தின் உரிமையாளர், அங்கீகரிக்கப்பட்ட வரைபடமும் உரிமம் பெற்ற மெக்கானிக்கும் இல்லாமல் அதன் இறக்கையில் புதிதாக ஓர் ஓட்டைகூடப் போட முடியாது. வீட்டில் கட்டிய விமானத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வருடாந்திரப் பரிசோதனைக்குத்தான் தகுதிச் சான்று பெற்ற ஆள் வேண்டும். மற்றபடி பழுது பார்ப்பதும் மாற்றி அமைப்பதும் உரிமையாளர் இஷ்டம். நம்மூரில் பைக் சைலன்ஸரை மாற்றினாலே போலீஸ் பிடிக்கும். அங்கே இறக்கையையே மாற்றலாம். ஆனா, மாற்றுகிற அந்த நிமிடம் முதல் அவர்தான் அந்த இறக்கையின் வடிவமைப்பாளர். கணக்கு தப்பினால் அதைப் பிடித்துக்கொடுக்க மேலே வேறு யாரும் இல்லை.

இறக்கை எவ்வளவு எடையைத் தாங்குகிறது?

தென்னை மட்டையைப் பாருங்கள். மரத்தோடு ஒட்டும் அடிப்பக்கம் அகலமாகவும் தடிமனாகவும் இருக்கும். நுனிக்குப் போகப் போக மெலியும். முழு ஓலையின் பாரமும் சேர்ந்து வளைப்பது அடிப்பக்கத்தைத்தான். விமான இறக்கைக்குள் ‘ஸ்பார்’ என்று ஒரு நீளமான முதுகெலும்பு இருக்கிறது. அதன் கதையும் இதேதான். ஒரே வித்தியாசம், ஓலை கீழே வளையும். பறக்கும்போது இறக்கை மேலே வளையும். அப்போது ஸ்பாரின் மேல்விளிம்பு நசுக்கப்படுகிறது, கீழ்விளிம்பு இழுக்கப்படுகிறது.

விமானத்தின் எடையை மட்டும் தாங்கினால் போதாது. 60 டிகிரி சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்பினாலே இறக்கைக்கு எடை இரண்டு மடங்காகத் தெரியும். இதை ‘2 ஜி’ என்பார்கள். காற்றின் குலுக்கலில் சிக்கினாலோ, வேகத்தில் மூக்கைச் சட்டென்று தூக்கினாலோ இன்னும் கூடும்.

ஒரு உதாரணக் கணக்கு. 600 கிலோ விமானத்தை 4 ஜி தாங்குமாறு வடிவமைத்தால், இறக்கைகள் 2,400 கிலோவைச் சுமக்க வேண்டும். அதற்கு மேல் ஒன்றரை மடங்கு பாதுகாப்பு ஒதுக்கீடு சேர்த்தால் 3,600 கிலோ. 2,400 வரை இறக்கை வளையலாம், ஆனால் பாரம் போனதும் பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். 3,600-ல் நெளியலாம், ஆனால் 3 விநாடியாவது உடையாமல் நிற்க வேண்டும்.

இப்போது அதே விமானத்தில் உரிமையாளர் பெரிய இன்ஜின், கூடுதல் பெட்ரோல் டேங்க் எல்லாம் வைத்து மொத்த எடையை 700 கிலோ ஆக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இறக்கையை அவர் தொடவே இல்லை. ஆனாலும் அது தாங்கும் அளவு 4 ஜியிலிருந்து சுமார் 3.4 ஜியாக இறங்கிவிட்டது.

ஸ்ட்ரட் என்ன செய்கிறது?

சில விமானங்களில் உடலின் அடியிலிருந்து இறக்கையின் நடுப்பகுதிக்குச் சாய்வாக ஒரு கம்பி போவதைப் பார்த்திருக்கலாம். அதுதான் ஸ்ட்ரட். இது இருந்தால் ஸ்பாரை மெலிதாகவும் எடை குறைவாகவும் செய்யலாம். பதிலுக்கு ஒரு விலை உண்டு. இப்படிப்பட்ட பல விமானங்களில் இறக்கையின் அடிப்பக்கம், கதவுக் கீல் போல ஒரு போல்ட்டில்தான் மாட்டியிருக்கும். ஸ்ட்ரட் போனால் இறக்கை மடங்கிவிடும்.

சாதாரணமாகப் பறக்கும்போது ஸ்ட்ரட் இழுபடுகிறது. இழுவையை எஃகுக் குழாய் சுலபமாகத் தாங்கும். ஆனால் கீழ்நோக்கிக் காற்று அறையும்போது இறக்கை கீழே தள்ளப்படும், ஸ்ட்ரட் நசுக்கப்படும். ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலின் இரு முனைகளையும் பிடித்து உள்நோக்கி அழுத்தினால், அது உடைவதற்கு முன்பே நடுவில் வளைந்து வெளியே பிதுங்குகிறது அல்லவா? நசுங்கும் ஸ்ட்ரட்டுக்கும் அதே ஆபத்துதான்.

இங்கே ஒரு சுவாரஸ்யமான கணக்கு இருக்கிறது. இப்படிப் பிதுங்குவதைத் தடுக்கும் சக்தி, நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். நீளம் பாதியானால் பலம் 4 மடங்கு. அதனால்தான் ஸ்ட்ரட்டின் நடுவிலிருந்து இறக்கைக்கு ‘ஜூரி ஸ்ட்ரட்’ என்ற குட்டிக் கம்பியைக் கொடுக்கிறார்கள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத கம்பி. அழகுக்காகவோ, காற்றுத்தடையைக் குறைக்கவோ அதைக் கழற்றிவிட்டால், ஸ்ட்ரட்டின் நசுங்கு பலம் கணக்குப்படி கால்வாசியாகிவிடும்.

இன்னொரு எதிரி துரு. எஃகு ஸ்ட்ரட்டின் உள்ளே புகுந்த ஈரம் கீழ்முனையில் தேங்கி, உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே சுவர் மெலிந்திருக்கும். தொழிற்சாலையில் தயாரான பைப்பர் விமானங்களிலேயே இந்தச் சிக்கல் வந்து, ஸ்ட்ரட்டுகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும் என்று எஃப்.ஏ.ஏ. 1993-ல் கட்டாய உத்தரவு போட்டது. வீட்டில் கட்டுபவர்கள் குழாய்க்குள் ஆளி விதை எண்ணெய் ஊற்றிச் சுழற்றி, வடித்துவிட்டு, முனைகளைக் காற்றுப்புகாமல் அடைப்பது இதற்காகத்தான்.

பலப்படுத்தினால் ஏன் பலவீனமாகலாம்?

இறக்கையில் விழும் பாரம் ஒரு சங்கிலியாகப் போகிறது. மேல்தகட்டிலிருந்து ரிப், ரிப்பிலிருந்து ஸ்பார், ஸ்பாரிலிருந்து போல்ட், போல்ட்டிலிருந்து உடல். ஒரு கண்ணியை மட்டும் தடிமனாக்கினால் சங்கிலி பலமாகாது. தடிமனான ஸ்ட்ரட் வாங்கி மாட்டியவர், அதன் முனையில் இருக்கும் போல்ட்டையும் அது பிடித்திருக்கும் பிராக்கெட்டையும் பழசாகவே விட்டால், உடைகிற இடம் ஸ்ட்ரட்டிலிருந்து பிராக்கெட்டுக்கு மாறும், அவ்வளவுதான். அதிலும் சாய்வான ஸ்ட்ரட் இறக்கையை மேலே போகாமல் பிடிப்பதோடு நிற்பதில்லை. ஸ்பாரின் உட்பகுதியை உடலை நோக்கி நசுக்கவும் செய்கிறது. அந்த நசுக்கலுக்கும் கணக்குப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, ஒட்டுத்தகட்டின் ஓரம். மெல்லிய தகட்டின் மேல் தடித்த தகடு வைத்தால், அந்த இடம் வளைய மறுக்கும். வளைவு எல்லாம் தடித்த தகடு முடிகிற கோட்டில் வந்து குவியும். ஆயிரக்கணக்கான முறை குலுங்கும்போது விரிசல் தொடங்குவது அந்தக் கோட்டில்தான். அனுபவசாலிகள் ஒட்டுத்தகட்டைச் சதுரமாக வெட்டுவதில்லை. நுனியைச் சரித்து, படிப்படியாக மெலியுமாறு செய்கிறார்கள்.

போதாக்குறைக்கு, ஒட்டுப் போட ஓட்டை போட வேண்டும். ஒவ்வொரு ஓட்டையும் கொஞ்சம் உலோகத்தைக் குறைக்கிறது, சுற்றிலும் அழுத்தத்தைக் கூட்டுகிறது. அதிகமாக இழுபடும் ஸ்பாரின் கீழ்விளிம்பில் தவறான இடத்தில் போட்ட ஓட்டை, வைத்த ஒட்டு கொடுத்த பலத்தைத் தின்றுவிடலாம்.

பலம் வேறு, விறைப்பு வேறு

இறக்கை உடைவதற்கு அளவுக்கு மீறிய பாரம் மட்டும் காரணமல்ல. ‘ஃபிளட்டர்’ என்று ஒன்று இருக்கிறது. வேகமாக ஓடும் லாரியில் சரியாகக் கட்டாத தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொள்வதைப் பார்த்திருப்போம். காற்றே ஆற்றல் கொடுத்துக் கொடுத்து அந்தத் துடிப்பை வளர்க்கிறது. இறக்கையின் பின்விளிம்பில், விமானத்தைச் சாய்க்க உதவும் ‘அய்லரான்’ என்ற அசையும் பலகை இருக்கிறது. அதுவும் இறக்கையும் இதுபோல ஒன்றையொன்று தூண்டிவிட்டுத் துடிக்க ஆரம்பித்தால், சில விநாடிகளில் இறக்கை பிய்ந்துபோகலாம்.

இதற்குத் தகடு மட்டும் மருந்தாகாது. அய்லரானின் எடை கீலுக்குப் பின்னால் அதிகமாக இருப்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. எனவே கீலுக்கு முன்னால் ஒரு ஈயக்கட்டியை வைத்துச் சமன் செய்கிறார்கள். அய்லரானை இயக்கும் கேபிள் தொய்வாக இருந்தாலும் ஆபத்து. புதிதாக இரண்டு கோட் பெயின்ட் அடித்தால்கூடக் கீலுக்குப் பின்னால் எடை ஏறிவிடும். அதனால்தான் பெயின்ட் அடித்த பிறகு சமநிலையை மறுபடியும் சோதிக்கச் சொல்கிறார்கள்.

இந்த விஷயத்தில் அனுபவம்கூடக் காப்பாற்றாது என்பதற்கு ஸ்டீவ் விட்மன் ஓர் உதாரணம். 1920-களிலிருந்து பறந்தவர். பந்தய விமானி. வீட்டில் கட்டுவோர் கொண்டாடும் ‘டெயில்விண்ட்’ விமானத்தை வடிவமைத்தவர். ஆஷ்காஷ் விமான நிலையத்துக்கே அவர் பெயர்தான். 1995 ஏப்ரல் 27 அன்று, 91 வயதில், தானே கட்டிய விமானத்தில் மனைவி பாலாவுடன் ஃபுளோரிடாவிலிருந்து ஆஷ்காஷுக்குப் போகும் வழியில், அலபாமாவில் விமானம் வானத்திலேயே உடைந்து இருவரும் இறந்தனர். விசாரணையில் என்.டி.எஸ்.பி. கண்டுபிடித்தது இது: ஒட்டுப்பலகை இறக்கையின் மேல் போர்த்திய துணி, அதற்கான கையேட்டில் சொன்ன முறைப்படி ஒட்டப்படவில்லை. அய்லரான் பகுதியில் துணி பிரிந்தது. அதிலிருந்து ஃபிளட்டர். ஸ்பாரின் பலத்தில் தொடங்கிய விபத்து அல்ல அது. பசையில் தொடங்கியது.

சோடியாக்கில் கடைசியில் என்ன செய்தார்கள்?

சோடியாக்கை வடிவமைத்த கிறிஸ் ஹைன்ட்ஸ், கான்கார்டு திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர். என்.டி.எஸ்.பி.யின் சந்தேகம் முதலில் ஃபிளட்டர் மீதுதான் இருந்தது. அந்த அய்லரான்களில் சமன் செய்யும் எடை இல்லை. கேபிள் இறுக்கம் ஒழுங்காக இருந்தால் ஃபிளட்டர் வராது என்பது நிறுவனத் தரப்பின் நிலை. பறக்கத் தடை போடும் அளவுக்கு ஆதாரம் இருப்பதாக எஃப்.ஏ.ஏ. உடனே ஏற்கவில்லை.

அதே ஆண்டு நவம்பரில் ஆர்கன்சாவில் இன்னொரு சோடியாக் உடைந்து விமானி இறந்தார். அதற்குப் பிறகுதான் மாற்றங்களைச் செய்யாமல் பறக்க வேண்டாம் என்று எஃப்.ஏ.ஏ. அறிவித்தது. மாற்றம் செய்யாத புதிய விமானங்களுக்குச் சான்றிதழ் கொடுப்பதும் நின்றது.

2010 ஜனவரியில் வெளியான எஃப்.ஏ.ஏ. சிறப்புக் குழுவின் அறிக்கை, ‘இதுதான் காரணம்’ என்று ஒன்றை மட்டும் சுட்டவில்லை. 600 கிலோ எடைக்கு இறக்கையில் விழும் பாரம் வடிவமைப்பில் குறைவாகக் கணக்கிடப்பட்டிருந்தது, பாரம் ஏறும்போது தகடுகள் நெளிந்து விறைப்பு குறைவது, ஃபிளட்டர் வாய்ப்பு, வேகமானி காட்டும் அளவில் பிழை, கன்ட்ரோல் ஸ்டிக் லேசாக இருப்பதால் விமானி தெரியாமலே அதிகமாக இழுத்துவிடுவது எனப் பலவும் சேர்ந்த சிக்கல் என்றது.

தீர்வும் அதற்கேற்பப் பல பகுதிகளாக இருந்தது. பிரதான ஸ்பாரையும், இரு இறக்கைகளையும் இணைக்கும் நடுப்பகுதியையும் பலப்படுத்தினார்கள். பின் ஸ்பாரின் இணைப்பை உறுதியாக்கினார்கள். அய்லரான்களில் சமன் எடை சேர்த்தார்கள். ஏற்கெனவே மூடி ரிவெட் அடித்த இறக்கையைத் திறந்து இவ்வளவையும் செய்வது உரிமையாளருக்குச் சின்ன வேலை அல்ல.

இதில் சட்டத்தின் ஒரு முனை கவனிக்க வேண்டியது. அதே ரகத்தில் தொழிற்சாலையில் தயாராகி விற்ற விமானங்களுக்கு, தயாரிப்பாளரின் பாதுகாப்பு உத்தரவு கட்டாயம். வீட்டில் கட்டியவர்களுக்கு எஃப்.ஏ.ஏ. சொன்னது பரிந்துரை மட்டுமே. செய்வதா வேண்டாமா என்ற முடிவு கட்டியவர் கையில் விடப்பட்டது. இன்று விற்கப்படும் சி.எச். 650 கிட்களில் இந்த மாற்றங்கள் சேர்ந்தே வருகின்றன.

சரியான வழி எது?

முதல் கேள்வி, இந்த மாற்றத்தை வடிவமைப்பாளரோ கிட் நிறுவனமோ ஏற்கெனவே வெளியிட்டிருக்கிறதா என்பது. இருந்தால் அதில் உள்ள ரிவெட் அளவு, இடைவெளி, தகட்டின் ரகம் எல்லாம் எழுத்துக்கு எழுத்து அப்படியே. ‘கைவசம் இருந்த அலுமினியம்’ என்ற பேச்சே கூடாது. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு அலுமினியக் கலவைகளின் பலம் பாதிக்குப் பாதி வேறுபடலாம்.

வெளியீடு இல்லையென்றால், பாரம் ஒவ்வொரு கண்ணியாக எங்கே போகிறது என்று கணக்குப் போடத் தெரிந்த பொறியாளர் வேண்டும். கணக்குக்குப் பிறகு சோதனை. இறக்கையைத் தலைகீழாக ஸ்டாண்டில் மாட்டி, மணல் மூட்டைகளைக் கணக்குப்படி அடுக்கி, எவ்வளவு வளைகிறது, இறக்கியதும் பழைய நிலைக்கு வருகிறதா என்று அளப்பார்கள். பழங்கால முறைதான். இன்றும் அதை நம்புகிறார்கள்.

தகட்டை மூடுவதற்கு முன் இன்னொரு ஜோடிக் கண்கள் பார்க்க வேண்டும். இதற்காகவே இ.ஏ.ஏ. சங்கத்தில் ‘டெக்னிகல் கவுன்சிலர்’ என்ற அனுபவமுள்ள தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். கட்டியவரின் கண்ணுக்குப் பழகிப்போன தப்பு, புதிதாக வருபவர் கண்ணில் பளிச்சென்று படும்.

பிறகுதான் பறத்தல். இறக்கை அமைப்பைப் பலப்படுத்துவது ‘பெரிய மாற்றம்’. அதைச் செய்தால் எஃப்.ஏ.ஏ.வின் வட்டார அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஆள் நடமாட்டம் குறைந்த குறிப்பிட்ட பகுதியில், பயணி இல்லாமல், குறைந்தது 5 மணி நேரம் மறுபடியும் சோதனைப் பறத்தல் செய்ய வேண்டும். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுவார்கள். செய்த மாற்றம், சோதனை முடிவு, பாதுகாப்பான வேக வரம்பு எல்லாம் விமானத்தின் லாக் புத்தகத்தில் ஏற வேண்டும்.

அந்தப் புத்தகம் வெறும் சடங்கு அல்ல. வீட்டில் கட்டிய விமானங்கள் கைமாறுகின்றன. வாங்குபவருக்கு, மூடிய தகட்டுக்குள் என்ன ஒட்டு இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. பக்கத்து இருக்கையில் உட்காரும் நண்பருக்கோ மகளுக்கோ சுத்தமாகத் தெரியாது. வழக்கமான விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு இது உட்பட்டதல்ல என்ற எச்சரிக்கைப் பலகை ஒவ்வொரு எக்ஸ்பெரிமென்டல் விமானத்தின் உள்ளேயும், பயணி கண்ணில் படும்படி ஒட்டியிருக்கும். அதைப் படித்துவிட்டு ஏறும் பயணி, “இறக்கையில் ஏதாவது மாத்தியிருக்கீங்களா?” என்று ஒரு கேள்வி கேட்கலாம். தேதியோடும் அளவோடும் பக்கத்தைத் திறந்து காட்ட முடிகிறவரின் விமானத்தில் ஏறலாம். “சும்மா ஒரு தகடு வச்சேன்” என்பவரின் விமானத்தைத் தரையில் நின்று படம் எடுத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.